ஒளி இளவரசனின் முரசு

1961 மார்ச் 14, செவ்வாய். எல்கடுவ தேயிலைத் தோட்டம்.

ஒளி இளவரசன் இருள் அரசனை வெல்லும் கதையொன்றை நானே இட்டுக்கட்டி, இரண்டு வாரமாக மூன்றாம் வகுப்புக்குச் சொல்லி வருகிறேன். இன்றைக்குக் கடைசிப் பகுதி. மலைக்குப் பின்னாலிருந்து இளவரசனின் முரசு கேட்டது, இருள் நடுங்கியது என்று சொன்னேன். பிள்ளைகள் கைதட்டுவார்கள் என்று பார்த்தேன். ஒருவரும் தட்டவில்லை.

முன்வரிசை வாங்கில் இருந்த செல்வராணி, "அது பெரட்டுத் தப்பா டீச்சர்?" என்று கேட்டாள். விடியுமுன் தொழிலாளரை ஆள்கணக்குக்கு, அதாவது பெரட்டுக்கு, அழைக்கத் தோட்டத்தில் அடிக்கும் பறையைச் சொல்கிறாள்.

"இல்லையம்மா, விடியப்போகுது எண்டு சொல்லுற முரசு."

"அதாங்க டீச்சர். தப்படிச்சா அம்மா பெரட்டுக்குப் போயிருவாங்க. அங்கயிருந்து கொழுந்தெடுக்கப் போனா, இருட்டுனாத்தான் வீட்டுக்கு வருவாங்க. இருட்டு ராசாவே ஜெயிக்கட்டுங்க."

வகுப்பு முழுவதும் "ஆமாங்க டீச்சர்" என்றது. எனக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. யார் மீதென்று இன்னும் தெரியவில்லை. வெளிச்சம் எவ்வளவு நல்லது என்று விளக்கத் தொடங்கினேன். என் குரல் எனக்கே பிடிக்கவில்லை. நாளைக்கு முடிக்கிறேன் என்று சொல்லிவிட்டுக் கணக்குப் பாடத்தை எடுத்தேன்.

கதைக் கொப்பி இப்போது முன்னால் கிடக்கிறது. முரசை அடித்தாகிவிட்டது, இனி விடியாமல் எப்படி முடிப்பது? கீழே தொழிலாளரின் லயத்து வீடுகளில் விளக்கெல்லாம் அணைந்துவிட்டது. செல்வராணி தாயோடு ஒட்டிப் படுத்திருப்பாள்.

இளவரசனை மலைக்குப் பின்னாலேயே நிறுத்தி வைத்திருக்கிறேன். கதையில் என்னால் அவ்வளவு முடிகிறது. தப்புக்காரர் நாலரைக்கு எழும்பிவிடுவார்.