அப்பாவின் திதியில் இறங்கிய கப்பல்

அன்பும் பயமும் இன்னும் குறையாத என் அப்பாவுக்கு,

கப்பல் மிதந்துவிட்டது. முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன். இந்தப் பக்கமும் சாயவில்லை, அந்தப் பக்கமும் சாயவில்லை. நீங்கள் ஆசையோடு எதிர்பார்த்தபடி குப்புறக் கவிழவும் இல்லை. மாட்டுங்கா வீட்டு ஈஸிசேரில் சாய்ந்துகொண்டு என்னைப் பார்த்து எத்தனை தடவை சிரித்திருப்பீர்கள்! இப்போது நான்தான் சிரிக்க வேண்டும். சிரிப்பு வரவில்லை, அப்பா.

இந்தக் கடிதம் நம் பம்பாய்த் தமிழ்ச் சங்கத்தின் ஆண்டு மலரில் வரப்போகிறது. சங்கச் செயலாளர் வீடு தேடி வந்து கேட்டார். "தேசத்துக்காக அப்பா திவசத்தையே விட்டுட்டு நின்னவன் நீ. அதை எழுதுடா, நாலு பேர் படிக்கட்டும்" என்றார். அவர் கேட்டது கட்டுரை. எனக்கு எழுத வருவது உங்களுக்குத்தான். நாலு பேர் படித்தால் படிக்கட்டும்.

போன வருஷம் தீபாவளி முடிந்து, வாசலில் கிடந்த பட்டாசுக் காகிதத்தை அம்மா பெருக்குவதற்குள் நீங்கள் போய்விட்டீர்கள். அமாவாசை கழிந்த இரண்டாம் நாள், துவிதியை. அப்போது உங்கள் மேல் எனக்குக் கோபம்கூட வந்தது. கப்பலின் அடிப்பாகம் முழுக்கத் தகடு மூடி, பார்த்தால் கப்பல் என்று சொல்லும்படி ஆகியிருந்த நேரம். இன்னும் ஒரு வருஷம் இருந்திருக்கக் கூடாதா?

உங்களுக்கு அதில் நம்பிக்கையே இருந்ததில்லை. கோட்டைப் பக்கம் வெள்ளைக்காரக் கப்பல் கம்பெனியில் தலைமைக் குமாஸ்தாவாக இருந்தவர் நீங்கள். அவர்கள் ஓட்டி முடித்த பழைய கப்பல்களை நம் நாடு வாங்கி, வண்ணம் பூசிப் பெயர் மாற்றிக்கொள்வதைப் பார்த்துப் பார்த்து மனசு விட்டுப்போயிருந்தது. நான் கப்பல் கட்டும் தளத்தில் படம் வரையும் டிராஃப்ட்ஸ்மேனாகச் சேர்ந்து, போர்க்கப்பலை இனி இங்கேயே கட்டப்போகிறோம் என்று மார்தட்டிக்கொண்டு வந்த அன்று, பேப்பரை மடித்து வைத்துவிட்டுக் கேட்டீர்கள்.

"படம் அவன் குடுத்தது. எஞ்சினும் அவன் குடுத்தது. நடுவுல நீ என்னடா பண்றே, ஆணி அடிக்கிறியா?"

எனக்குச் சுருக்கென்றது. ஏனென்றால் அது பாதி உண்மை. இங்கிலாந்திலிருந்து வந்த படங்களைப் பிரித்து, நம்மிடம் கிடைக்கும் தகட்டுக்கும் நம் ஆட்களின் கைக்கும் ஏற்றபடி மறுபடி வரைந்துகொண்டிருந்தோம். பாதி நாள் எங்களுக்கே புரியாது. அதை உங்களிடம் ஒப்புக்கொள்வேனா? "மிதக்கறதா இல்லையான்னு பாருங்கோ" என்று கத்தினேன். நீங்கள் கத்தவில்லை. "தண்ணியில இறங்கற அன்னிக்குச் சொல்லு. நானே வந்து பாக்கறேன்" என்றீர்கள்.

இறக்கும் நாளை டெல்லியில் முடிவு செய்தார்கள். ஆனால் டெல்லியும் கடலைக் கேட்டுத்தான் முடிவு செய்ய வேண்டும். அவ்வளவு பெரிய உடம்பைச் சரிவில் வழுக்கி விட்டால் அதைத் தாங்க நிறையத் தண்ணீர் வேண்டும். பம்பாய்க் கடல் நன்றாக ஏறுவது அமாவாசை, பௌர்ணமி கழிந்து ஒன்றிரண்டு நாளில். அதுவும் நடு மத்தியானத்தில். தீபாவளி அமாவாசைக்கு அடுத்த இரண்டாம் நாள் என்று அறிவிப்பு வந்தபோது, வரைபட மேஜையில் நான் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். துவிதியை. உங்கள் முதல் வருஷத் திவசம். அதற்கும் நடு மத்தியானம்தான் நேரம். கடலுக்கும் சாஸ்திரிகளுக்கும் ஒரே நிலாதான் என்பது எனக்கு அதுவரை தோன்றியதே இல்லை.

இரண்டையும் பார்த்துவிடலாம் என்றுதான் நினைத்தேன், அப்பா. அதிகாலையில் தளத்துக்குப் போய் என் வேலையை முடித்துவிட்டு, பத்து மணிக்குக் கிளம்பினால் ரயிலைப் பிடித்துக் கிங்ஸ் சர்க்கிளில் இறங்கி, குளித்து உட்கார நேரம் இருக்கிறது. அம்மாவிடம் அப்படித்தான் சொன்னேன். "ஒரே பிள்ளை. மறந்துடாதேடா" என்றாள். மறப்பேனா என்று அவளிடம் சிடுசிடுத்தேன்.

வரைவதோடு, இறக்கும் நாளில் என் வேலை என்னவென்று உங்களுக்கு ஒருநாளும் முழுதாகச் சொன்னதில்லை. கப்பல் வழுக்கிப் போகும் மரப்பாதையில் மாட்டுக் கொழுப்பும் சோப்பும் கலந்து காய்ச்சிய களிம்பைத் தடவுவார்கள். தீபாவளி சமயத்து வெயில் தெரியுமே, அதில் களிம்பு இளகி ஓடிவிடும் என்று எல்லோருக்கும் கவலை. அது இறுகித்தான் இருக்கிறதா என்று கையால் அமுக்கிப் பார்த்துச் சொல்ல வேண்டியது என் பொறுப்பு. சின்னப் படகுகளை இறக்கிய நாட்களிலும் இதே வேலைதான். வீட்டுக்கு வந்ததும் நேரே குளியலறைக்குள் நுழைவேன். நீங்கள் அம்மாவிடம் பெருமையாகச் சொல்வீர்கள்: "பாத்தியா, மடி ஆசாரமெல்லாம் நாம சொல்லாமயே வந்துடுத்து." நான் தலையைத் துவட்டிக்கொள்வேன். மாட்டுக் கொழுப்பைச் சொல்வேனா?

அன்று காலையும் கப்பலின் அடியில் புகுந்து அமுக்கிப் பார்த்தேன். களிம்பு சரியாக இருந்தது. பத்து மணிக்கு முன்பே என் பொறுப்பு முடிந்துவிட்டது. எங்கள் பெரிய அதிகாரிக்கு விஷயம் தெரியும். அவர் தோளில் தட்டி, "நீங்கள் வீட்டுக்குப் போகலாம்" என்றார். தாராவியிலிருந்து வரும் செல்லத்துரையும் சொன்னார். தச்சர்களுக்கு மேஸ்திரி அவர். திருநெல்வேலிப் பக்கத்துக் கிறிஸ்தவர், வாய் ஓயாத மனிதர்.

"சாமி, இன்னும் இங்கனயே நிக்கியளே! இன்னைக்கு ஒங்க அப்பாவுக்குத் திதின்னு சொன்னியள்லா?"

"இதோ கிளம்பறேன்."

"எங்க அப்பாவுக்குன்னா நாளைக்குக்கூட ஒரு மெழுகுவத்தியக் கொளுத்தி வச்சிருவேன். ஒங்களுக்கு அப்படி இல்லைலா. கிளம்புங்க, கப்பல் எங்கயும் ஓடிராது."

"ஓடத்தானே போறது" என்றேன். அவர் சிரித்தார். நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டே அங்கேயே நின்றேன்.

இதைத்தான் யாரிடமும் சொல்லவில்லை, அப்பா. என்னை யாரும் பிடித்து வைக்கவில்லை. ரயில் தாமதமாகவில்லை. தேசம் என் சட்டையைப் பிடித்து இழுக்கவில்லை. எனக்குப் பார்க்க வேண்டும் என்று இருந்தது, அவ்வளவுதான். ஐந்து நிமிஷம் என்று நின்றேன். மேளதாளம் வந்தது, டெல்லிக்காரர்கள் வந்தார்கள், கப்பலைத் தாங்கிய ஆப்புகளை அடித்து விலக்கச் சம்மட்டி ஆட்கள் வரிசையில் நின்றார்கள். பிறகு கடிகாரத்தைப் பார்க்கவே பயமாக இருந்தது. அதனால் பார்க்கவில்லை.

மத்தியானம் கடல் நிறைந்து நின்றபோது தேங்காய் உடைத்தார்கள். முதலில் ஒன்றும் நடக்கவில்லை. ஐயோ, களிம்பு ஒட்டிக்கொண்டதோ என்று குனிந்து மரப்பாதையைப் பார்த்தேன். அப்புறம் அது நகர்ந்தது. எனக்கு முன்னால் இருந்த இரும்புச் சுவர் மெதுவாக விலகி, விலகி, அது இருந்த இடத்தில் ஆகாயம் தெரிந்தது. மரப்பாதையிலிருந்து புகை வந்தது. பின்பக்கம் தண்ணீரில் இறங்கி, மேலே தூக்கிக்கொண்டு, அசையாமல் நின்றது. பெரிய பெரிய ஆட்களெல்லாம் குழந்தை மாதிரி அழுதார்கள். நான் செல்லத்துரையைக் கட்டிக்கொண்டு குதித்தேன். யாரோ லட்டு கொடுத்தார்கள். தின்றேன்.

அதே நேரத்தில் வீட்டில் இலை போட்டிருந்தது. உங்கள் இடத்தில் உட்கார்ந்து சாப்பிட வேண்டிய பிராமணர்கள் காலையிலிருந்து வெறும் வயிற்றோடு காத்திருந்தார்கள். அம்மா காபிகூடக் குடிக்கவில்லை. உங்களுக்குச் சோறு போட வேண்டிய பிள்ளை, நீங்கள் சாப்பிடும் முன்பே கொழுப்புக் கையோடு லட்டு தின்றுகொண்டிருந்தேன். அப்போது உங்கள் ஞாபகம் வந்ததா என்று என்னையே கேட்டுப் பார்க்கிறேன். வரவில்லை. ஒரு நொடிகூட வரவில்லை. வெட்கமாக இருக்கிறது, அப்பா. எப்படி எழுதினாலும் அந்த ஒரு வார்த்தையில்தான் வந்து நிற்கிறது.

நீங்கள் ஒரு கதை சொல்வீர்களே. தாத்தா திவசத்தன்று ஆபீசில் அவசர வேலை. துரை லீவு தர மறுத்தான். நீங்கள், "சார், இன்று என் அப்பா எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வருகிறார்" என்றீர்கள். அவன் உடனே அனுப்பிவிட்டான். மறுநாள், அப்பா நன்றாகச் சாப்பிட்டாரா என்றும் விசாரித்தான். "திருப்தியாகச் சாப்பிட்டார்" என்று நீங்கள் பதில் சொன்னீர்கள். ஒவ்வொரு வருஷமும் இதைச் சொல்லி நீங்களே முதலில் சிரிப்பீர்கள். உங்களுக்கு லீவு தரமாட்டேன் என்று சொல்ல ஒரு துரை இருந்தான். என்னைப் போ போ என்று அனுப்பினார்கள். நான்தான் போகவில்லை.

சாயங்காலம் வீட்டுக்குப் போனபோது வந்தவர்கள் எழுந்து போயிருந்தார்கள். சாஸ்திரிகள் மட்டும் கூடத்தில் உட்கார்ந்திருந்தார். "நேரம் தாண்டிடுத்து. வர அமாவாசைக்குப் பண்ணிடலாம்" என்றார். திட்டியிருந்தால் தேவலை. அம்மா என் முகத்தைப் பார்த்தாள்.

"டியூட்டி விடலையாடா?"

ஆமாம் என்று என் தலை தானாக ஆடியது. வாயால் பொய் சொல்லவில்லை என்று அப்போது நினைத்துக்கொண்டேன். அந்தத் தலையாட்டலை அம்மா சாஸ்திரிகளிடம் சொல்ல, அவர் கோயிலில் சொல்ல, காபி கிளப்பில் நாலு மேஜைக்குப் பரவி, நான் தேசபக்தனாகிவிட்டேன். கீழ்வீட்டு மராட்டிக்காரர்கூடக் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

அன்று இரவு சாதம் பரிமாறிக்கொண்டே அம்மா சொன்னாள்: "நீ வரலைன்னதும் மனசு கேக்கலை. ஒரு பிடி சாதத்தைக் கொண்டுபோய் மாடிச் சுவத்துல வெச்சேன். தொண்டை காயக் கத்தினேன். ஒரு காக்கா வரலை. அவர் எங்க போயிருப்பார்னு எனக்குத் தெரியாதா? உன் கப்பலைப் பாக்கப் போயிருப்பார். வந்து பாக்கறேன்னு வாக்குக் குடுத்தாரோல்லியோ?"

அப்பா, நிஜமாகவே வந்தீர்களா? வந்திருந்தால் அந்தக் கூட்டத்தில் முதலில் என்னைத்தானே தேடியிருப்பீர்கள்? பசியோடு வந்து, பிள்ளையைக் கண்டுபிடித்து, அவன் முதுகைத்தான் பார்த்தீர்களா?

இதை அச்சுக்குக் கொடுப்பதற்கு முன் நேற்று அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். ஊர் படிப்பதற்கு முன்னால் அவளுக்குத் தெரிய வேண்டும். அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டே கேட்டாள். படித்து முடித்ததும் முறத்திலிருந்து இன்னும் இரண்டு கல்லைப் பொறுக்கிப் போட்டாள். பிறகு ஒன்றே ஒன்று கேட்டாள்.

"லட்டு நன்னா இருந்துதா?"

நன்றாக இருந்தது, அப்பா. அதுதான் அவமானம். இன்றைக்கும் கண்ணை மூடினால் அந்தக் கப்பல் நகர்வதுதான் தெரிகிறது, உடம்பு சிலிர்க்கிறது. அதைப் பார்த்ததற்காக என்னால் வருத்தப்பட முடியவில்லை. உங்களைப் பட்டினி போட்டதற்கு மட்டும் வருத்தப்படுகிறேன். இரண்டும் ஒரே காரியம் என்கிறாள் அம்மா. அவள் சொல்வது சரியா என்று உங்களிடம்தான் கேட்க வேண்டும்.

இன்னொரு சேதி. அடுத்த கப்பலில் சில இடங்களை எங்கள் இஷ்டப்படி மாற்றப்போகிறோம். ஒரு மூலை முழுக்க நான் வரைந்தது. அவன் கொடுத்த படத்தில் அது இல்லை. ஆணி மட்டும் அடிக்கவில்லை என்று சொல்லிக்கொள்ள இவ்வளவாவது இருக்கிறது.

வருகிற அமாவாசையை ஒட்டியும் கடல் ஏறும். தளத்தில் ஒரு சின்னப் படகு அன்றைக்கே இறங்க இருக்கிறது. களிம்பு பார்க்க என் பெயரைப் போட்டிருந்தார்கள். இன்று காலை பெரிய அதிகாரியின் அறைக்குப் போய் லீவு கேட்டேன். எதற்கு என்று அவர் நிமிர்ந்து பார்த்தார். திதி, திவசம் என்றெல்லாம் சொன்னால் அவருக்குப் புரியும். ஆனால் எனக்கு உங்கள் வார்த்தைதான் வந்தது.

"சார், அன்று என் அப்பா எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வருகிறார்."

வாருங்கள், அப்பா. இந்தத் தடவை நான் வீட்டில் இருப்பேன். முந்தின நாளே கையைச் சீயக்காய் போட்டுத் தேய்த்துக் கழுவுகிறேன். அப்படியும் கொஞ்சம் வாசனை இருந்தால், உங்கள் பிள்ளை பண்ணுகிற வேலையின் வாசனை அது. தெரிந்துகொண்டே சாப்பிடுங்கள்.

உங்களைப் பசியோடு திருப்பி அனுப்பிய
ஒரே பிள்ளை,
ராமு