தோளில் கிடக்கும் துண்டு

அப்பா,

இன்று காலை ஆய்வுக்கூடத்தில் அமில ஜாடியைத் திறந்தேன். ரப்பர் பாலை உறையவைக்கும் அதே அமிலம். நெடி மூக்கில் ஏறியதும், பாலை ஷீட்டாக்கும் நம் ரெங்கத்துத் தோட்டத்து ஸ்டோருக்கே போய்விட்டேன். டாக்டர் பட்டம் வாங்கியவன் ஜாடியும் கையுமாகக் கண் கலங்கி நின்றால் பார்க்கிறவர்கள் என்ன நினைப்பார்கள்? அமிலம் தெறித்துவிட்டது என்று சொல்லிச் சமாளித்தேன்.

நான் சென்னையில் ரசாயனப் பட்டம் முடித்து ஜொகூரில் நம் தோட்டத்துக்குத் திரும்பிய சமயம், ஒரே வாரத்தில் இரண்டு அழைப்புகள் வந்தன. லண்டனில் மூன்று வருஷம் ஆராய்ச்சி, முடிவில் டாக்டர் பட்டம், கப்பல் சீட்டு முதல் சாப்பாடு வரை அவர்கள் பொறுப்பு என்று என் பேராசிரியர் எழுதியிருந்தார். நம் தோட்டத்துத் துரையோ, ஸ்டோரில் பாலைச் சோதிக்கும் உத்தியோகமும் குடியிருக்க ஒரு வீடும் தருவதாகச் சொன்னார்.

அம்மா போய்ச் சேர்ந்து நான்கு வருஷம் ஆகியிருந்தது. புகைவீட்டில் ரப்பர் ஷீட்டுகளைத் தொங்கவிட்டுத் தொங்கவிட்டு உங்கள் நெஞ்சு கெட்டுப்போயிருந்தது. இருமல் வந்தால் சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்பீர்கள். அப்படிப்பட்டவரை விட்டுவிட்டு நான் எங்கே போவது? "நான் இங்கயே இருந்துடறேம்ப்பா" என்றேன். நீங்கள் சந்தோஷப்படுவீர்கள் என்று நினைத்தேன். "ஒன் இஷ்டம்" என்று சொல்லிவிட்டு ரொட்டியைத் தேநீரில் நனைத்தீர்கள். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. போ என்றாவது இரு என்றாவது சொல்லித் தொலைத்தால் என்ன?

மறுநாள் துரை என்னை ஸ்டோருக்கும் புகைவீட்டுக்கும் அழைத்துப்போனார். துரை வந்தால் வேலையாட்கள் தோளில் கிடக்கும் துண்டை எடுத்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நிற்க வேண்டும். ஆபீஸில் கணக்கெழுதும் கிராணிகளும் அந்த மரியாதையை எதிர்பார்த்தார்கள். நீங்கள் மட்டும் கிராணிக்குத் துண்டை எடுத்ததே இல்லை. அதற்காகத்தான் உங்களைப் புகைவீட்டில் தள்ளினார்கள் என்று அம்மா சொல்லியிருக்கிறாள்.

துரை வந்ததும் துண்டை எடுத்தீர்கள். அவர் வெளியே போனதும் திரும்பத் தோளில் போட்டுக்கொண்டீர்கள். நான் உங்கள் பக்கத்தில் வந்தேன். என்னை நிமிர்ந்து பார்த்தீர்கள். அப்புறம் துண்டை மறுபடி எடுத்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு தலை குனிந்து நின்றீர்கள்.

"சொல்லுங்கய்யா."

"என்னப்பா இது?"

"நாளையிலருந்து நீங்கதான் இங்க பெரியவரு. இப்பவே பழகிக்கிறேன்யா."

கூட வேலை செய்த முனியாண்டி மாமா ஷீட்டைக் கையில் பிடித்தபடி அப்படியே நின்றார். உங்கள் முகத்தில் கேலி இல்லை. என்னால் ஒரு நிமிஷம்கூட அங்கே நிற்க முடியவில்லை. அன்றைக்கே பேராசிரியருக்கு வருவதாகக் கடிதம் எழுதினேன். பெற்ற மகனை இப்படி அவமானப்படுத்துவாரா ஒருவர் என்று புறப்படும் நாள் வரை உங்களோடு சரியாகப் பேசவில்லை.

ரெங்கம் ஸ்டேஷனுக்கு வந்தீர்கள். துண்டு தோளில் இருந்தது. "குளிருமாமேடா அங்க. நெஞ்சப் பாத்துக்க" என்றீர்கள். இருமிக்கொண்டே சொன்னீர்கள். ரயில் நகர்ந்த பிறகுதான் உங்கள் நெஞ்சைப் பற்றி நான் ஒரு வார்த்தை கேட்கவில்லை என்பது உறைத்தது.

இரண்டாவது வருஷம் முனியாண்டி மாமா யாரையோ பிடித்து எழுதச்சொன்ன கடிதம் வந்தது. அது என் கைக்கு வருவதற்குள் உங்களை அடக்கம் செய்து ஒரு மாதத்துக்கு மேல் ஆகியிருந்தது. அதில் இப்படி இருந்தது: "ஒங்கப்பா அன்னிக்கு ஒனக்குத் துண்ட எடுத்தாரே, நீ வெளிய போனப்புறம் பொகவீட்டுக்குள்ளயே ஒக்காந்து அழுதாரு. போன்னு சொன்னா என் இருமலப் பாத்துட்டுப் போகமாட்டான், வேற எப்படி அவன அனுப்புறதுன்னாரு." கடிதத்தோடு உங்கள் துண்டையும் மடித்து அனுப்பியிருந்தார். புகை வாடை போகாமல் இருந்தது.

உங்கள் மேல் எனக்கு இன்னும் கோபம்தான், அப்பா. கடைசி நேரத்தில் பக்கத்தில் இருந்திருப்பேன். ஒரு வாய் தண்ணீர் கொடுத்திருப்பேன். அதை என்னிடமிருந்து பறித்துக்கொண்டீர்கள். எத்தனை பட்டம் வாங்கினாலும் அது தீராது.

இப்போது ஜொகூர் பாருவில் வேலை. பாலைச் சோதிக்கும்போது அந்தத் துண்டைத் தோளில் போட்டுக்கொள்கிறேன். இங்கேயும் ஒரு பெரிய துரை இருக்கிறார். அவர் உள்ளே வந்தால் எல்லோரும் எழுந்து நிற்பார்கள், நானும் நிற்பேன். அவர் கண் ஒரு கணம் என் தோளில் நிற்கும்.

இன்றும் வந்தார். நான் எடுக்கவில்லை, அப்பா.