சடையன் காட்டிய இடம்

அன்பு நண்பா,

கோச்சீஸ் என்ற, அமெரிக்காவின் அப்பாச்சிப் பழங்குடித் தலைவரைப் பற்றி உன்னிடம் பலமுறை சொல்லியிருக்கிறேன். அவரைப் புதைத்த இடம் வெளியே தெரியக்கூடாது என்று, அவருடைய மக்கள் அதன்மேல் குதிரைகளை ஓட்டித் தடத்தை அழித்தார்களாம். இடம் அறிந்த ஒரே வெள்ளைக்காரர் அவருடைய நண்பர். சாகும்வரை அவர் வாய் திறக்கவில்லை.

கல்வராயன் மலைப் பள்ளியில் நான் வேலை பார்த்தபோது, அந்த மலையூர்ப் பெரியவர் சடையன் தன் குலத்தின் முதல் தலைவரைப் புதைத்த பாறையை எனக்குக் காட்டினார். வெளியாட்களில் எனக்கு மட்டும். நான் உன்னிடம் மட்டும் சொன்னேன்.

நீ போகும் வழியையும் காட்டி வீடியோ போட்டுவிட்டாய். இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் கள்ளக்குறிச்சியிலிருந்து வேன்களில் வருகிறார்கள். அந்தப் பாறைமேல் ஏறி நின்று படம் எடுக்கிறார்கள்.

நேற்று மலைக்குப் போனேன். சடையன் தண்ணீர் கொடுத்தார், உட்காரச் சொல்லவில்லை.

"நீங்க சொல்லலன்னு ஒரு வார்த்த சொல்லுங்க சார், நம்பிக்கிறேன்," என்றார்.

உன் பெயர் நாக்கு வரை வந்தது. ஆனால் உன்னிடம் சொன்னது யார்?

"நான்தான் சொன்னேன்," என்றேன்.

தண்ணீர்ச் சொம்பைத் திரும்ப வாங்கிக்கொண்டார். "பஸ்ஸுக்கு நேரமாவுது, கெளம்புங்க சார்."

முப்பது வருடத்தில் அந்த வீட்டிலிருந்து நான் சாப்பிடாமல் இறங்கியது நேற்றுதான்.

வீடியோவை எடுத்துவிடு. பதில் எழுத வேண்டாம்.

இப்படிக்கு,
உன்னை நம்பியவன்