புது ஹாலில் கேட்காமல் போன சேதி

ஜூஜுவாடி,
ஞாயிற்றுக்கிழமை.

அன்பு மகன் நவீனுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கிறோம், அந்தக் குளிரில் நீயும் அப்படியே இருக்க வேண்டும். போனில் சொன்னால் சரிம்மா சரிம்மா என்று பாதியில் வைத்துவிடுவாய், அதனால்தான் எழுதுகிறேன், கடைசிவரை படி.

போன வாரம் வீடியோவில் ஹாலைப் பார்த்துவிட்டு, "என்னாம்மா, அவ்ளோ அழகான ரூமைக் கெடுத்து வெச்சிருக்கே" என்று கத்தினாயே, எனக்கு இன்னும் ஆறவில்லை. கெடுத்தது நானா? ஜெர்மனியில் உட்கார்ந்து போட்டோ பார்த்து ஒரு டிசைனரை அனுப்பினாய். அவர் வந்து திரை, பஞ்சு சோபா எல்லாவற்றையும் வெளியே தூக்கிப் போட்டார். தரை பூராவும் முகம் தெரிகிற டைல்ஸ், ரோட்டுப் பக்கச் சுவரை இடித்துக் கண்ணாடி, எதிர்ச் சுவரிலும் ஆளுயரக் கண்ணாடி. அழகுதான், இல்லை என்று சொல்லவில்லை, வந்தவர்கள் எல்லாம் வாயைப் பிளந்தார்கள். ஆனால் ஒரு டம்ளரைக் கீழே வைத்தால் நாலு சுவரிலும் கணகணவென்று அடிக்கிறது, ஹைவே லாரி வீட்டுக்குள்ளேயே ஹாரன் அடிக்கிறது. இருபத்தாறு வருஷம் இரும்புத் தகடு அடிக்கிற பிரஸ் ஷாப்பில் நின்று காதைத் தொலைத்த மனுஷன் இந்த வீட்டில் இருக்கிறார் என்று அந்த டிசைனரிடம் ஒரு வார்த்தை சொன்னாயா?

உன்னிடம் இதுவரை சொல்லாததைச் சொல்கிறேன். அப்பாவோடு வேலை பார்த்த கோவிந்தப்பன் மாமா ராயக்கோட்டையிலிருந்து பஸ் ஏறி வந்தார். மகள் ஊருக்குப் போன இடத்தில் அவர் சம்சாரம் பாப்பம்மா மாரடைப்பில் போய்விட்டாள், எல்லாம் அங்கேயே முடிந்துவிட்டதாம், நேரில் சொல்ல வந்திருக்கிறார். நான் காபி போட்டுக்கொண்டிருந்தேன். "மணி, பாப்பம்மா போயிட்டாடா" என்று அவர் சொன்னது எதிரொலியில் குழம்பி, பெயர் மட்டும்தான் அப்பா காதில் விழுந்திருக்கிறது. சிரித்த முகமாக, "கூட்டிட்டு வாடா, ரெண்டு நாள் இருந்துட்டுப் போகட்டும்" என்றார். நான் ஓடி வருவதற்குள் மாமா எழுந்து வெளியே போய்விட்டார். விஷயத்தைக் காதருகே சொன்னதும் அப்பா தெருவரை ஓடினார், பஸ் போய்விட்டது. அன்றிலிருந்து அவர் அந்த ஹாலில் கால் வைக்கவில்லை. சமையலறையில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, யாராவது வந்தால் தூங்குகிறார் என்று சொல்லச் சொன்னார்.

டிசைனருக்குப் போன் போட்டேன். "ஆன்ட்டி, போட்டோல சூப்பரா வந்திருக்கே" என்கிறார். போட்டோவுக்குக் காது இருக்கிறதா? அப்பாவுக்குக் காது மிஷின் வாங்கிய கடைக்குப் போனால் அங்கே இருக்கும் அனுப்ரியா, "மிஷின் நல்லாதான் இருக்குதுங்கம்மா, ரூம்லதான் கோளாறு. கை தட்டிப் பாருங்க, பெட்ரூம்லயும் தட்டிப் பாருங்க" என்றாள். தட்டினேன். ஹாலில் தட்டியது திரும்பி வந்தது, மெத்தையும் துணியும் இருக்கிற ரூமில் அப்படியே அடங்கிப்போனது. அப்புறம் எனக்கு யார் சொல்ல வேண்டும்? ரோட்டுக் கண்ணாடிக்குத் தரை வரைக்கும் கனத்த திரை தைக்கச் சொன்னேன், எதிர்க் கண்ணாடியைக் கழற்றிவிட்டு மரச்சட்டத்துக்குள் கனமாகப் பஞ்சு வைத்து, மேலே மயில் கழுத்து நிறத்தில் துணி இழுத்துக் கட்டினோம். நடுவில் தடித்த கம்பளம். உன் சீலிங், விளக்கு எதையும் தொடவில்லை. நேரில் பார்த்தால் நீயே நன்றாக இருக்கிறது என்பாய்.

வேலை முடிந்த மறுநாளே அப்பா ராயக்கோட்டைக்குப் போய், மாமாவின் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு வந்தார். இரண்டு பேரும் அந்த ஹாலில் உட்கார்ந்தார்கள். மாமா பாப்பம்மாவின் கடைசி நாளை முதலிலிருந்து சொன்னார், குரலை உயர்த்தாமலே சொன்னார். அப்பா ஒரு தடவைகூட என்ன என்று கேட்கவில்லை. மாமா அழுதபோது கூடவே அழுதார்.

இதைத்தான் கெடுத்துவிட்டேன் என்கிறாய்.

எண்ணெய் தேய்க்காமல் இருக்காதே, வெளியே சாப்பிடுவதைக் குறை. கோபத்தில் எழுதினாலும் உனக்கு ஒரு குறையும் வராமல் நன்றாக இருக்க வேண்டும் என்றுதான் தினமும் விளக்கேற்றுகிறேன். அடுத்த முறை கூப்பிடும்போது ஹாலைக் காட்டு என்று கேட்காதே, அப்பாவிடம் கொடு என்று கேள், அவர் அங்கேதான் இருப்பார்.

உன் அம்மா,
வெள்ளையம்மா