ஒரே ஒரு போல்ட்டு

அருவியில் சீசன் டூட்டி பார்த்துவிட்டு வந்து தூங்கும் கணவனை ஆனந்தவள்ளி எழுப்பவில்லை. அவன் போலீஸ் தொப்பிக்கடியில் சீட்டைச் செருகினாள்.

"மஞ்சு அப்பாவுக்கு,

இட்லி ஹாட்பாக்ஸ்ல இருக்கு. வாசுதேவநல்லூர்ல இருந்து உங்க அண்ணன் பேசுனாவ. அத்தைக்கு மூச்சு இழுக்குதாம், பொழுது தாங்காதாம். நான் பஸ்ல போறேன்.

கார் ஸ்டார்ட் ஆகாது. கிராங்க் சென்சார் என் பையில இருக்கு. எங்கப்பா சாகக் கெடந்த அன்னைக்கு அது கெட்டுப்போச்சுன்னு சொன்னீங்கள்லா? நீங்க சொல்லித்தான் அதோட பிளக்க உருவி விட்டாராம், மெக்கானிக் இசக்கிமணி நேத்து சொல்லிட்டாரு. கியர்பாக்ஸ் பக்கத்துல அது இருக்க இடமும் காட்டுனாரு. ஒரே ஒரு போல்ட்டுதான். அன்னைக்கு நான் பஸ்ல போய்ச் சேருததுக்குள்ள அப்பாவ எடுத்துட்டாவ."

வாசல்வரை போனவள் திரும்பி வந்து, சீட்டின் ஓரத்தில் இடுக்கி எழுதினாள்:

"உங்க போன சைலண்டுல போட்டிருக்கேன். நல்லாத் தூங்குங்க. அத்தைக்கு நானே பால் ஊத்திருதேன்."