ரோஜாப் பாத்திக்குள் போன புதினா

அண்ணா,

வேலைக்குக் கிளம்புகிறேன். சாப்பாடு அடுப்பின் மேல் மூடியிருக்கிறது.

வீட்டுக்காரம்மா நாலு மணிக்குத் தோட்டத்தைப் பார்க்க வருவார். அதற்குள் அவருடைய ரோஜாப் பாத்தியிலிருந்து புதினாவை எடுத்தாக வேண்டும். விடிந்ததிலிருந்து பிடுங்கியும் பாதிதான் முடிந்தது, இடுப்பு விட்டுப்போயிற்று. தயவுசெய்து மண்வெட்டியைத் தொடாதே. வேரை வெட்டினால் ஒவ்வொரு துண்டும் ஒரு செடியாகிவிடும். வெள்ளையாக ஓடும் வேரை விரலால் பிடித்து, அது முடிகிற இடம் வரை போ. பிடுங்கியதை எருக்குழியில் போடாமல் சாக்கில் கட்டி வை. அடியில்லாத பழைய வாளியை மண்ணில் புதைத்து, அதற்குள் ஒரு கொத்து விட்டிருக்கிறேன். அதை மட்டும் விட்டுவிடு.

"தொட்டியில வைடி, தரையில வச்சா தோட்டத்தையே வளைச்சுப் போட்டுடும்" என்று நீ அப்போதே சொன்னாய். நான்தான் கேட்கவில்லை.

நேற்று நான் கத்தியது அதற்காக இல்லை. "நான்தான் நட்டேன்னு சொல்லிக்கிறேன், நீ வாயைத் திறக்காத" என்றாயே, அதற்காக. நான் உடைத்த ஜன்னலுக்கும் அப்படித்தான் சொன்னாய். எனக்கு இருபத்திரண்டு வயதாகிறது, அண்ணா.

இடமில்லாமல் ஓரத்தில் எழுதுகிறேன்: காலையிலேயே மாடிக்குப் போய் வீட்டுக்காரம்மாவிடம் உண்மையைச் சொல்லிவிட்டேன். "சாயங்காலம் பார்த்துட்டு, நீங்க இந்த வீட்டுல இருக்கறதா வேண்டாமான்னு சொல்றேன்" என்றார். முகம் சரியில்லை.

மூன்றரைக்கே வந்துவிடுவேன். அவர் கதவைத் தட்டினால் நான் திறக்கிறேன்.