பசியை நிறுத்திய ஊசி

நம் வீட்டு எஜமானி அம்மாவுக்கு வணக்கம். நான் சுகம். அத்தைக்குக் கால் வீக்கம் வடிந்ததா?

உடம்பு இளைக்க வாரம் ஒரு ஊசி போடுகிறேன், பயப்படாதே. பதினோரு கிலோ குறைந்து, மூட்டு வலிக்காமல் மூன்று மாடி ஏறுகிறேன். ஆனால் பசியே இல்லை. நேற்று ஆலை கேன்டீனில் நான் வைத்த குழம்பை ருசி பார்க்காமலே இரண்டு தடவை உப்புப் போட்டுவிட்டேன். ஆலையே தண்ணீருக்கு ஓடியது, ஒரே கூத்து!

நீ போனில் "சாப்டீங்களா?" என்று கேட்கும்போதுதான் பொய் சொல்ல வேண்டியிருக்கிறது. வேறு எதையாவது கேளேன்.

கல்யாண மோதிரம் கழன்று விழுகிறது. சுற்றிக்கொள்ள நூல் அனுப்பு.

ஊசியை நிறுத்தலாமா என்று டாக்டரிடம் கேட்டேன். "நிறுத்தினா பசி திரும்பி வந்துடும்" என்றார். "வரட்டும் டாக்டர், என் ரூமுக்கு வேற யாரு வர்றாங்க?" என்றேன்.

பஸ் ஹாரன் அடிக்கிறது, ஓடுகிறேன்.

உன்னவன்